திரும்பும் நாளை எழுதாதவன்

1

ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் மனிதர்கள் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற தானியங்கிப் பதில்கள்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒருவருக்குக் கேள்வி அனுப்பினால், "விடுமுறையில் இருக்கிறேன், இன்னாரைக் கேளுங்கள்" என்று உடனே வந்து விழுகிறது. அந்த இன்னாரைக் கேட்டால் அவரும் விடுமுறையில் இருக்கிறார். முதலாமவரைக் கேட்கச் சொல்கிறார். ஜெர்மனிக்காரர்கள் இதை ஒரு குறையாகவே நினைப்பதில்லை. அவர்களுக்கு விடுமுறை என்பது பிறப்புரிமை, அந்தச் செய்தி அதன் பட்டா.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பால் பண்ணைகளில் பாலைக் குளிரவைக்கும் இயந்திரங்களைத் தூரத்தில் இருந்தே கவனிக்கும் மென்பொருள் எங்கள் நிறுவனத்தின் சரக்கு. வேலை முழுக்க ஒரு அரட்டைச் செயலியில் நடக்கும். ஆள் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. இல்லையென்றால் சாம்பல். நீண்ட விடுப்பில் போகிறவர் அந்தச் செயலியில் ஒரு செய்தியை வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் எடுத்துவிட வேண்டும். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் நம் ஊர் சரக்கு ரயில் நீளம் இருக்கும். வந்த புதிதில் அதை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்து, பாதியில் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

போன ஆகஸ்டில் நான் வைத்துவிட்டுப் போன மூன்று வரிச் செய்தியை வைத்து, தம்பி என்று நான் நம்பியிருந்த ஒருவன் என் இடத்தை எடுத்துக்கொண்டான். ஒரு வருடம் ஆகிறது. ஆறவில்லை. ஆறிவிட்டதாக நடிக்கும் பெருந்தன்மையும் எனக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைத் தாண்டி உள்ளே. திருப்பத்தூரிலிருந்து பஸ் எப்போது வரும் என்பது அந்த பஸ்ஸுக்கே தெரியாது. மற்றபடி ஜீப்தான். என் அண்ணன் வெள்ளையன் அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறார். சாமை மூட்டை, புளி மூட்டை, பலாப்பழம், பிரசவத்துக்குப் போகும் பெண், பரீட்சைக்குப் போகும் பிள்ளை எல்லாம் ஒரே வண்டியில் இறங்கும்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. காட்டுக்குப் போகிறவன் திரும்பி வரும் நேரத்தை ஊரறியச் சொல்லமாட்டான். கடுக்காய் பொறுக்கவோ தேன் எடுக்கவோ கிளம்புகிறவனைப் பார்த்து "எப்ப வருவ?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அம்மா கையில் இருப்பதை ஓங்கிக்கொண்டு வருவார்.

"போறவன இன்னா கேள்வி கேக்கற? வாயக் கழுவு மொதல்ல!"

சொன்ன நேரத்தைக் காடு கேட்டுக்கொண்டிருக்கும், அந்த நேரம் பார்த்து வழியை மறித்துக்கொள்ளும் என்பது கணக்கு. நான் முதல்முறை ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, திருப்பத்தூரில் என் மாமனார் வீட்டு ஆள் ஒருவர் சாதாரணமாக, "மாப்ள, திரும்ப எப்போ?" என்று கேட்டுவிட்டார். அம்மா அவரோடு அதற்குப் பிறகு சரியாகப் பேசவே இல்லை.

வெளி ஆட்களுக்குத் தெரிவது இந்தப் பாதிதான். இன்னொரு பாதி இருக்கிறது. கிளம்புகிறவன் ஒரே ஒருவனிடம் மட்டும் காதோடு சொல்லிவிட்டுப் போவான், இன்ன பொழுதுக்கு வந்துவிடுவேன் என்று. அந்த ஒருவன் வீட்டு ஆளாக இருக்கக்கூடாது. வீட்டு ஆள் பதறி ஊரைக் கூட்டிவிடும். கொஞ்சம் தள்ளி நிற்கிற, நம்பிக்கையான கூட்டாளியாக இருக்க வேண்டும். சொன்ன பொழுது தாண்டியும் ஆள் வரவில்லை என்றால், யாரையும் கேட்காமல் எழுந்து தேடிப் போக வேண்டியவன் அவன். அவனுக்கு எங்கள் ஊரில் 'தேடிவர்றவன்' என்றே பேர்.

ஒருமுறை அப்பா ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து கால் உடைந்து கிடந்தார். வீட்டில் நாங்கள் அவர் எங்கோ புளிச் சந்தைக்குப் போய்விட்டதாக நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு லட்சுமணன் மாமாவுக்குத்தான் தெரியும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். "சொன்ன பொழுதுக்கு வரல, போனேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, மாமாவும் எதிர்பார்க்கவில்லை.

3

செயலியில் அந்தச் செய்தியை வைக்கும் இடத்தில் ஒரு கட்டம் உண்டு: திரும்பும் நாள். அதை நிரப்பினால், அந்த நாளில் செய்தி தானாகவே மறைந்து பச்சைப் புள்ளி எரியும். நிரப்பாமல் விட்டால், நாமே வந்து கையால் எடுக்கிறவரை இருக்கும்.

நான் எப்போதும் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுவேன். மூடநம்பிக்கையா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரே ஒருமுறை நாளைக் குறிப்பிட்டுவிட்டுப் போனேன். விமானம் ரத்தாகி, பெட்டி வேறு நாட்டுக்குப் போய், மனைவி செல்வி காய்ச்சலில் விழுந்து, நான் குறிப்பிட்ட நாளில் நாங்கள் துபாய் விமான நிலையத்தின் தரையில் படுத்துக் கிடந்தோம். செயலி மட்டும் சொன்ன நாளில் சொன்னபடி பச்சை காட்டி, "கோவிந்தன் வந்துவிட்டார்" என்று உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. தற்செயல்தான். எனக்கும் தெரியும். இருந்தாலும் அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தை நான் தொட்டதில்லை. எத்தனையோ தடவை ஊருக்குப் போய் வந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

குமரேசன் இந்த இடத்தில்தான் வருகிறான். அவன் அமிர்தி பக்கத்து ஆள். விவசாயக் குடும்பம், வேலூரில் படிப்பு. மலைக்கு மேலே நாங்கள், அடிவாரத்தில் அவர்கள். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருக்காது. இங்கே வந்ததும் ஒரே மலை ஆகிவிட்டோம். எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது அவன் பெயரைச் சொன்னது நான். வந்து வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டு ஹாலில்தான் படுத்திருந்தான். குடியிருப்பைப் பதிவு செய்ய நகராட்சிக்குப் போனால் வேலைப் பத்திரம் கேட்பார்கள். வேலைக்குப் போனால் குடியிருப்புப் பத்திரம் கேட்பார்கள். கோழி முதலா முட்டை முதலா என்கிற அந்த வரிசையில் அவனுக்காக நான் நின்றிருக்கிறேன். செல்வி சாமைச் சோறு ஆக்கினால் அவனுக்குத் தனியாக எடுத்துவைப்பாள்.

அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் என்னை "அண்ணா, அண்ணா" என்பான். இந்த ஊரில் அன்னா என்பது பெண்பிள்ளைகளின் பெயர். "ஏன் அவர் உன்னை அன்னா என்கிறார்?" என்று சபீன என்கிற சக ஊழியர் ஒருத்தி ஒருநாள் கவலையோடு கேட்டாள். மூத்த சகோதரன் என்று அர்த்தம் என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், ஒரு வாரம் அவளும் என்னை அன்னா என்றே கூப்பிட்டாள். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

போன ஆடியில் எங்கள் ஊரில் அம்மன் திருவிழா. ஊர் கூடிப் பொங்கல் வைக்கும்போது வீட்டுக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். அண்ணன் நிற்பார்தான், ஆனால் இந்த முறை நானும் வர வேண்டும் என்று அம்மா பிடிவாதம். கிளம்பினேன். மூன்று பேருக்கும் டிக்கெட் எடுக்கக் கட்டுப்படியாகாது என்று செல்வியும் மகள் இனியாவும் வரவில்லை.

செய்தியை வைத்தேன். "மலையில் இருக்கிறேன். அங்கே சிக்னல் கிடையாது. அவசரம் என்றால் குமரேசனைக் கேளுங்கள்." கட்டம் காலி.

விமான நிலையத்துக்குக் குமரேசன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். டிக்கெட்டை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். அவனுக்குத்தான் மலிவு டிக்கெட் பிடிக்கும் சூட்சுமம் தெரியும். பெட்டியை இறக்கும்போது அவனிடம் அந்தப் பழக்கத்தைச் சொன்னேன், இரண்டு பாதியையும். திரும்பும் நாளையும் சொன்னேன். டிக்கெட்டில் பார்த்திருப்பான், ஆனாலும் வாயால் சொல்ல வேண்டும் அல்லவா?

"செல்விக்குத் தெரியும், அவ கணக்குல வரமாட்டா. நீதான் எனக்குத் தேடிவர்றவன். வேற யார்கிட்டயும் சொல்லாத."

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"இன்னாணா இது, சீரியஸா சொல்றீங்களா? சரிணா. நிம்மதியா போய்ட்டு வாங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்றான். பார்த்துக்கொண்டான்.

4

மலையில் எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது என்று எழுதியது பொய்யில்லை. பள்ளிக்கூடம் தாண்டி ஜீப் திரும்பும் வளைவில் மட்டும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால், ஒரு கோடு வரும். அங்கே எப்போதும் நாலு பேர் நின்றுகொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். திருவிழாவுக்கு முதல்நாள் நானும் போய் நின்றேன்.

குமரேசனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "எல்லாம் ஓகேணா. எதுவும் யோசிக்காதீங்க. நல்லா சாமி கும்புடுங்க."

பக்கத்தில் ஜீப்புக்கு டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு நின்ற அண்ணனிடம் அதைக் காட்டினேன். "பாருணா, நம்ம பக்கத்துப் பையன், அமிர்தி. ஆபீஸயே தாங்கறான்" என்றேன். அண்ணன் படித்துப் பார்த்தார். அவர் எதையும் உடனே புகழ்கிறவர் இல்லை.

"அமிர்தியா? சரி. நல்லா இருக்கட்டும்" என்றார்.

மூன்று கல் கூட்டி வைத்த பொங்கல் பொங்கி வழிந்தபோது நானும் கூடக் கத்தினேன். அம்மனிடம் என்ன கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒரு பெரிய பால் நிறுவனத்தோடு எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால் அவர்களுடைய பண்ணைகள் முழுவதற்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அந்த வேலையைப் படிப்படியாக வளர்த்துக் கொண்டுவந்தது நான். அந்தப் பண்ணைக்காரர்களின் மாடுகளின் பெயர்கூட எனக்குத் தெரியும். பொறுப்பு எனக்குத்தான் என்று பழைய பிரிவுத் தலைவர் ஓய்வு பெறும்போது கைகுலுக்கிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பொறுப்பை எனக்குக் கொடு தாயே என்று கேட்டேன். அம்மன் கேட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அங்கே அது ஏற்கெனவே வேறு ஒருவனுக்குப் போயிருந்தது.

5

நான் சொன்ன நாளில் சரியாகத் திரும்பினேன். காடும் மறிக்கவில்லை, துபாயும் மறிக்கவில்லை.

விடுப்பு முடிந்து முதல் காலையில் அந்தச் செய்தியை எடுப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. பெட்டியிலிருந்து புளியை எடுத்துப் பங்கு போட்டு, சக ஊழியர்களுக்குக் கொண்டுவந்த கடலை மிட்டாயைச் சமையலறையில் வைத்துவிட்டு, காபியோடு உட்கார்ந்து, ஒரு தட்டுத் தட்டினால் சாம்பல் போய்ப் பச்சை வரும். உடனே 'டிங், டிங்' என்று ஆட்கள் மொய்ப்பார்கள். திட்டுவார்கள், கெஞ்சுவார்கள், "நல்லவேளை வந்தாய்" என்பார்கள். எடுத்தேன். பச்சை வந்தது. ஒருவரும் வரவில்லை.

காபியும் ஆறிப்போனது. என்னுடைய பண்ணைக்காரர்களின் கேள்விகள் எல்லாம் எனக்குத் தெரியாத ஒரு புதுக் குழுவில் ஓடிக்கொண்டிருந்தன. என்னை அதில் சேர்க்கவில்லை.

சமையலறையில் சபீன கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துவிட்டாயா! நீ எப்போது வருவாய் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. குமரேசன் சொன்னார், உங்கள் மலையில் திரும்பும் நாளை யாரும் சொல்லமாட்டார்களாமே? எவ்வளவு அழகான பழக்கம்! புதுத் தலைவர்கூடக் கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டார்."

"தலைவர் எதற்குக் கேட்டார்?" என்றேன்.

"அந்தப் பால் நிறுவனத்தோடு கையெழுத்து ஆனது. பொறுப்பாளர் யார் என்று அவர்கள் அந்த வாரமே பெயர் கேட்டார்கள். கோவிந்தன் எப்போது வருவார் என்று தலைவர் எங்களையெல்லாம் கேட்டார். செய்தியில் நாள் இல்லை. குமரேசனைக் கேட்டோம். யாருக்கும் தெரியாது, ஊர்த் திருவிழா, குடும்பம், நீளலாம் என்றார். பாவம், அவர் முதலில் தயங்கினார். பிறகு அவர்தான் ஏற்றுக்கொண்டார். உனக்குச் சந்தோஷம்தானே? உன் தம்பி அல்லவா?"

புதுத் தலைவர் நான் கிளம்பிய பிறகு சேர்ந்தவர். என் விடுப்பை அனுமதித்த பழையவர் ஓய்வில் எங்கோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார். விடுப்புப் பதிவைப் பார்க்க வேண்டிய மனிதவளப் பிரிவும் ஆகஸ்டில் விடுமுறையில் இருந்தது. செல்வியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் வீட்டுக்கு போன் போடுவது பெரிய குற்றம். தெரிந்த ஒரே ஆள் குமரேசன். அவனிடம்தான் கேட்டார்கள்.

சபீன கபடம் இல்லாதவள். இன்னொரு மிட்டாய் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்றேன்.

6

அவனைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"இன்னா குமரேசா, நான் எப்ப வருவன்னு தெரியாதுன்னு சொன்னியாமே?"

காரைத் திறக்கப் போனவன் நின்றான். "யாருணா சொன்னது?"

"சபீன."

"அவ இன்னாத்துக்கு இதெல்லாம்..." என்று இழுத்தான். பிறகு, "அண்ணா, உங்க மெசேஜ்ல தேதி இல்லதான? அதத்தான் சொன்னேன்" என்றான்.

"மெசேஜ வுடு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"யார்கிட்டயும் சொல்லாதன்னு நீங்கதானணா சொன்னீங்க."

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவன் என் ஊர்ப் பழக்கத்தையே எடுத்து என் வாயை அடைக்கிறான். அப்பாவைத் தோளில் தூக்கிவந்த பழக்கம் அது. அதில் ஆளைத் தேடிப் போகிற பாதியைக் கழித்துவிட்டு, வாயை மூடிக்கொள்கிற பாதியை மட்டும் வைத்துக்கொண்டான். அதையும் அழகாகச் சொல்லி, வெள்ளைக்காரர்களை ஆச்சரியப்பட வைத்து, கைதட்டலும் வாங்கிவிட்டான். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள்; அந்தக் குழிக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுத்தது நான் என்பதுதான் என்னைக் கொன்றது.

"தேடிவர்றவன்டா நீ எனக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

அவனும் தலையை நிமிர்த்தினான். அன்றைக்கு அவன் பேசியதில் உண்மையானது அடுத்ததுதான் என்று நினைக்கிறேன்.

"எத்தினி நாளிக்குணா உங்க பின்னாடியே நிக்கறது? கோவிந்தனோட ஆளு, கோவிந்தனோட தம்பின்னு. எனக்கும் ஒரு எடம் வேணுமில்ல? நேரா வந்து கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்கமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் நேரில் வந்து மோதியிருந்தால் மோதிப் பார்த்திருப்பேன். தோற்றிருந்தால் தோற்றவனாக இருந்திருப்பேன். இப்படி ஏமாந்தவனாக நின்றிருக்கமாட்டேன். இதை அவனிடம் சொல்ல வாய் எடுப்பதற்குள் அவன் காரைக் கிளப்பிவிட்டான். நான் ஊருக்குப் போகும்போது என் பெட்டியை ஏற்றிய அதே கார்.

7

மனிதவளப் பிரிவுக்குப் போனேன். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு அறை உண்டு, அறைக்கு ஒரு அம்மாள் உண்டு. அவர் தண்ணீர் கொடுத்தார், காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அழ வரவில்லை என்றேன். ஜெர்மன் மொழியில் கோபமாகப் பேச நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நான் கோபப்பட்டால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்க மறந்துவிடுகிறது. கேட்கிறவர் அதற்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறார். அதற்குள் கோபம் ஆறிவிடுகிறது.

என் விடுப்பு சரியாக அனுமதிக்கப்பட்டது என்றார். பொறுப்பாளர் நியமனமும் சரியாக நடந்தது என்றார். யாரும் எந்த விதியையும் மீறவில்லை என்றார். அவருக்கு என் மேல் உண்மையிலேயே இரக்கம் இருந்தது. "அடுத்த முறை அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுங்கள்" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதம் ஊழியர் எல்லோருக்கும் ஒரு பயிற்சி வைத்தார்கள்: விடுப்புச் செய்தி எழுதுவது எப்படி. திரும்பும் நாள் இனிக் கட்டாயம்; ஆனால் பச்சைப் புள்ளி இனித் தானாக எரியாது, ஆள் வந்து திறந்தால்தான் எரியும். திரையில் 'தவறான மாதிரி' என்று ஒன்று வந்தது. "மலையில் இருக்கிறேன். அங்கே சிக்னல் கிடையாது." பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். ஜெர்மனியில் பல மலைகள் இருக்கின்றன, ஆனால் சிக்னல் இல்லாத மலைக்குச் சொந்தக்காரன் அந்த அறையில் நான் ஒருவன்தான். குமரேசன் முதல் வரிசையில் உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் செல்வி அவனுக்கென்று வைத்திருந்த தட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் எறிந்தாள். "வூட்ல ஒக்கார வெச்சு சோறு போட்டேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இனியாவுக்கு ஆவேசம் எதுவும் இல்லை. அவள் இங்கேயே பிறந்தவள். கையில் போனை வைத்துக்கொண்டு, பாதி ஜெர்மனும் பாதித் தமிழுமாகத் தீர்ப்புச் சொன்னாள்.

"அப்பா, டேட் போடலன்னா நீ இல்லன்னுதான் நெனைப்பாங்க. அது லாஜிக்."

"குமரேசன் சித்தப்பாவுக்குத் தெரியும்ல?"

"அவர நீ ஏன் கஷ்டத்துல மாட்டிவிட்ட? எல்லாருக்கும் சொல்ல வேண்டியத ஒருத்தருக்கு மட்டும் சொன்னா, அவர் என்ன பண்ணுவார்?"

என் மகள் அவன் பக்கம் பேசினாள். நியாயமாகவும் பேசினாள். நாங்கள் வளர்த்த பிள்ளை. எங்கள் காட்டில் ஒருநாளும் பொழுது சாயப் பார்த்ததில்லை.

அண்ணனுக்கும் போன் போட்டேன். அவர் வளைவில் நின்று கத்திக்கொண்டே முழுவதையும் கேட்டார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன்.

"டேய் கோவிந்தா, உனக்கு இன்னா பைத்தியமா? அது காட்டுக்குப் போறதுக்குடா. ஏரோப்ளேனுக்கு யார்ரா அதச் சொன்னது? டிக்கெட்லயே தேதி போட்டு கீது! நான் தெனம் ஜீப் ஓட்டறேன், சாயந்தரம் கடைசி வண்டி எப்பன்னு போர்டே எழுதி வெச்சிக்கறேன். நீ அங்க போய் ஒக்காந்துக்கினு எங்கள விட மலைக்காரனா ஆவறியே!"

கொஞ்சநேரம் கோடு விட்டுப் போனது. பிறகு குரல் இறங்கி வந்தது.

"ஆனா அவன் செஞ்சது தப்புதான். நீ பைத்தியம், அவனுக்குத்தான் வெவரம் தெரியுமே. காதுல சொன்னத வாங்கிக்கினா, காலு எழுந்திருக்கணும். அவ்ளோதான்."

ஒரு வருடத்தில் என் பக்கம் நின்று யாராவது சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அதற்கும் முன்னால் ஒரு வசவு வாங்க வேண்டியிருந்தது.

8

இந்த ஆகஸ்டில் நான் எங்கும் போகவில்லை. குமரேசன் போனான். அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று சபீன சொன்னாள். என்னிடம் அவன் சொல்லவில்லை. கூட்டங்களில் இப்போது என்னை "கோவிந்தன்" என்கிறான். அண்ணா போய்விட்டது. சபீன அதைக் கவனித்துவிட்டு, உங்கள் ஊரில் சகோதர உறவுக்குக் காலக்கெடு உண்டா என்று கேட்டாள். உண்டு என்று சொல்லிவைத்தேன்.

அவனுக்கு ஒரு இயந்திரம் பற்றி எழுத வேண்டியிருந்தது. எழுதியதும் அவனுடைய தானியங்கிப் பதில் வந்து விழுந்தது. இதுவரை அவன் எழுதிய விடுப்புச் செய்தி ஒவ்வொன்றிலும், ஹாலில் எங்கள் பாயில் படுத்திருந்த காலத்திலிருந்து, அவசரத்துக்குக் கோவிந்தனைக் கேளுங்கள் என்றுதான் இருக்கும். இந்த முறை, "திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரும்புகிறேன். அதுவரை சபீனவைத் தொடர்புகொள்ளவும்" என்று இருந்தது. நாள் மட்டுமில்லை, மணியும் போட்டிருந்தான்.

நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. செய்தது என்னவென்று அவனுக்குத் தெரியும் என்பதற்கு அந்த ஒன்பது மணி போதும். ஆனால் என்னைச் சுட்டது அது இல்லை, சபீனவின் பெயர். என் பெயரைப் போட்டால், தலைவர் வந்து கேட்கும்போது நான் உதட்டைப் பிதுக்கி, "யாருக்குத் தெரியும், நீளலாம்" என்று சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்கிறான். அவன் செய்ததை நானும் செய்வேன் என்று நினைத்திருக்கிறான். என் இடத்தை எடுத்துக்கொண்டது ஒரு துரோகம் என்றால், என்னையும் தன்னைப் போல ஒருவனாகவே நினைத்துவிட்டது அதைவிடப் பெரிய துரோகம்.

திங்கட்கிழமை வந்தது. ஒன்பது மணிக்கு, அவன் எழுதியிருந்தபடி, செய்தி தானாக மறைந்தது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி சாம்பலாகவே இருந்தது. நான் பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தேன். ஒன்பதரைக்கும் சாம்பல். பத்தரைக்கும் சாம்பல். சபீனவிடம் கேட்டேன்.

"குமரேசன் வரவில்லையே?"

"வருவார். அசதியாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். தலைவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் நாள் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால், அது யாருடைய பொறுப்பும் இல்லை.

எனக்கு வேலை ஓடவில்லை. எனக்கென்ன, என்னிடமா சொல்லிவிட்டுப் போனான் என்று நினைத்துக்கொண்டே, சென்னையிலிருந்து வரும் விமானம் இறங்கிவிட்டதா என்று பார்த்தேன். முதல்நாளே இறங்கியிருந்தது. அவன் எண்ணுக்குப் போன் அடித்தேன். போகவில்லை. நெடுஞ்சாலையில் விபத்து ஏதாவது உண்டா என்று தேடினேன். பதினொரு மணிக்கு நான் எழுந்து நின்று, சட்டைப்பையில் கார் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போகப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அவன் வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அப்போது பச்சை வந்தது. பொதுக் குழுவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வரி போட்டான்: "வந்துவிட்டேன். போனில் சார்ஜ் இல்லை, தூங்கிவிட்டேன், மன்னிக்கவும்." நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

எனக்கு மூச்சு வந்தது. அடிவயிற்றிலிருந்து, நிம்மதியாக, ஒரு பெருமூச்சு. அந்தப் பாழாய்ப்போன மூச்சின் மேல்தான் எனக்கு அன்று முழுவதும் ஆத்திரம். ஊருக்கெல்லாம் நாளையும் மணியையும் சொல்லிவிட்டுப் போனான். என் ஒருவனிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் வராதபோது சாவியோடு எழுந்து நின்றது நான் ஒருவன்தான்.